ஸ்கார்பரோவில் ஒரு தர்ப்பை மோதிரம்

ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிப் பேசுவதற்காக என்னை டொராண்டோவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு ஊருக்கு பிஷப்பை நியமிப்பது யார், அரசனா, போப்பாண்டவரா என்பதுதான் சண்டை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் காலமெல்லாம் இதைப் பாடமாக நடத்தியவள் நான். பரீட்சைக்கு வரும் என்று சொன்னால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது ஒருபோதும் பழைய கதையாகத் தோன்றியதில்லை. எங்கள் சபையில் குருவானவரை மாற்றும்போதெல்லாம் பேராயர் ஒரு பக்கமும் சபைக் கமிட்டி ஒரு பக்கமும் நின்று மல்லுக்கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஜெர்மனியில் நடந்தால் வரலாறு, எங்கள் ஊரில் நடந்தால் கோர்ட் கேஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

கனடாவிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனவள் சுகந்தி. யுத்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் படித்தவள். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை. கணவர் ட்ரக் ஓட்டுகிறவர். நான் அங்கே இருந்த வாரம் முழுவதும் அவர் மேற்கே எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருந்தார், தொலைபேசியில் மட்டும் வணக்கம் சொன்னார். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், மல்வேர்ன் என்ற பகுதியில் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஏப்ரல் மாதம், எங்கள் ஊரில் வேர்த்து வடியும் நேரம், இங்கே வாசலில் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோயிருந்தது கான்வாஸ் ஷூ. சுகந்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள்.

ராத்திரிச் சாப்பாடு புட்டும் மீன்குழம்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும்தான் என்று வளர்ந்தவள் நான். முதல் கவளத்திலேயே என் வளர்ப்பைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று சுகந்தி கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து, “மிஸ், உங்கட சண்டை எங்கட கோயிலுக்கு வந்து கன நாளாச்சு” என்றாள்.

கதை இதுதான். அவர்கள் கும்பிடும் பிள்ளையார் கோயிலில் தொடக்கத்திலிருந்து பூசை செய்துவந்த பெரிய குருக்களுக்கு முழங்கால் போய்விட்டது. இனி ஏலாது என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அடுத்து சபேசக் குருக்கள்தான் தலைமைக் குருக்கள் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவரைச் சீடனாக ஏற்றுத் தீட்சை கொடுத்தவன் நான், அதனால் அவரை இருத்துவதும் நான் என்றார் பெரிய குருக்கள். கோயிலைப் பதிவு செய்தது நாங்கள், விசா எடுத்துக் கூப்பிட்டது நாங்கள், அதனால் நியமிப்பது நிர்வாகம் என்றார் தலைவர் தர்மலிங்கம். அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, சுகந்தியின் மாமனார். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் வேண்டும், தன் கையால்தான் வேண்டும். இதனால் பல மாதங்களாகச் சபேசக் குருக்கள் எல்லாப் பூசையையும் தனியே செய்துகொண்டு, பெயருக்கு உதவிக் குருக்களாகவே இருக்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெர்மனியில்கூடப் பல சமயம் ஆள் யார் என்பதில் சண்டை இல்லை. மோதிரத்தையும் கோலையும் யார் கையிலிருந்து வாங்குவது என்பதில்தான் சண்டை. பிஷப்புக்கு மோதிரம் என்றால் சபையோடு கல்யாணம். கோல் என்றால் மேய்ப்பனின் கோல். இந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அரசன். நிலமும் வரியும் போர்வீரர்களும் பிஷப்பின் கையில் இருந்ததால் தனக்கு வேண்டிய ஆளை உட்கார வைக்கப் பார்த்தான். சபையை மணம் முடித்துக் கொடுக்க நீ யார் என்று போப்பாண்டவர் கேட்டார். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக அடிதடி.

செவ்வாய்க்கிழமை கோயிலைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கார் பெயிண்ட் அடிக்கிற இடம், மறுபக்கம் தரை ஓடு விற்கும் கிடங்கு, நடுவில் பிள்ளையார். வெளியே பார்த்தால் அதுவும் கிடங்குதான். உள்ளே போனால் கருங்கல் விக்கிரகம், தவில், கற்பூரம், மோதகம் எல்லாம் இருந்தன. வாசலில் ஈரமான பூட்ஸ்கள் ஒரு மலைபோலக் கிடந்தன. திரும்பும்போது என் பூட்ஸ் எது என்று எனக்கே தெரியவில்லை, எல்லாம் கறுப்பு. பெரிய குருக்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தர்ப்பைப் புல்லை முறுக்கிக்கொண்டிருந்தார். பூசை செய்கிறவர் விரலில் போட்டுக்கொள்கிற பவித்திரம் அது. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இங்கேயும் மோதிரம்.

புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் என் உரை. சுகந்திக்கு அதிகாலையிலேயே வேலை. சுரங்க ரயிலடிக்குப் போகும் பஸ்ஸில் நானாகவே ஏறிக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். பஸ் ஒரு இடத்தில் நின்றது, டிரைவர் ஏதோ அறிவித்தார், எல்லாரும் இறங்கினார்கள். அடுத்த நிறுத்தம் நம்முடையது என்று நான் மட்டும் ஜன்னலோரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. எழுந்து என்னிடம் வந்தார். “அம்மா, இந்த வண்டி தூங்கப் போகிறது. உங்களையும் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார். அடுத்த வண்டி எப்போது வரும் என்ற கேள்விக்கு வானத்தைப் பார்த்தார். சாலையோரத்தில் இறங்கி நின்று சுகந்திக்குப் போன் செய்தேன். அங்கேயே நில்லுங்கள், ஆள் வரும் என்றாள்.

ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் வேட்டிமேல் பெரிய குளிர்ச்சட்டை போட்டிருந்தார், நெற்றி நிறைய விபூதி. காலைப் பூசையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார் சபேசக் குருக்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் ஊரில் ஒரு தலைமை அர்ச்சகர் வழி தவறிய வாத்தியாரம்மாவைக் கூட்டிப்போகக் கார் ஓட்டி வருவாரா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். கார் முழுக்கச் சாம்பிராணி வாசம். சுரங்க ரயிலடியில் விடுவதாகச் சொல்லிக் கூப்பிட்டவர், பேச்சு சுவாரஸ்யத்தில் பல்கலைக்கழக வாசல்வரையே கொண்டுபோய் விட்டார்.

பேச்சு என்றால் என் அரசனும் போப்பும்தான். அவர் ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் தன் கதையை அவர் சொன்னது ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து அவர் புறப்பட்ட சமயத்தில் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். பெண் பிறந்து ஓடத் தொடங்கிவிட்டாள். இன்னும் ஒரு தடவைகூட அவளைத் தூக்கவில்லை. குடும்பத்தை இங்கே கூப்பிடும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று லீவு கேட்டுப் பார்க்கிறார்.

“தலைவரைக் கேட்டா, பெரியய்யாவைக் கேளுங்கோ எண்டு சொல்லுவார். பெரியய்யாவைக் கேட்டா, அது நிர்வாகத்தின்ர விசயம் எண்டு சொல்லுவார். என்னை நியமிக்க ரெண்டு பேர் இருக்கினம் ரீச்சர். லீவு தரத்தான் ஆளில்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பச்சை விழுந்தது. நான் மறுபடியும் ஜெர்மனிக்குப் போய்விட்டேன்.

உரை நன்றாகப் போயிற்று. தன்னடக்கத்துக்காக வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது. மதியம் குளிர்ந்த சாண்ட்விச் கொடுத்தார்கள். எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு என்றால் சூடான போண்டாவுக்காகவே கணிதத் துறையும் வந்து உட்காரும். வெளிநாட்டு அறிவாளிகள் பச்சை இலையை மென்றுகொண்டு எப்படி இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “இந்த அம்மா அந்த ராஜாவோடு நேரில் சண்டை போட்டவர் மாதிரிப் பேசுகிறார்” என்றான் ஒருவன். அன்று கிடைத்த பாராட்டில் அதுதான் உசத்தி.

அந்தத் தெம்பில்தான் வியாழக்கிழமை நாட்டாமைக்குக் கிளம்பினேன். சுகந்திக்கு லீவு. பெரிய குருக்கள் வீடு வெக்ஸ்போர்ட்டில், ஒரு பழைய அடுக்குமாடியில். போகும் வழியில் அக்கரைப்பற்று முஸ்லிம் ஒருவர் நடத்தும் கடையில் நிறுத்திச் சூடாக மரக்கறி ரோல்ஸ், காய்கறி அடைத்துப் பொரித்தது, வாங்கினாள். இவ்வளவு குளிரில் எண்ணெய்ப் பலகாரம் தின்பதற்குக் குற்றவுணர்ச்சியே வராது என்பது கனடாவின் பெரிய வசதி.

பெரிய குருக்கள் முழங்காலில் ஏதோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்று சுகந்தி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதனாலேயே என்னிடம் மனம்விட்டுப் பேசினார் என்று நினைக்கிறேன், நான் எந்தப் பக்கமும் சேர முடியாதே. அவருக்குக் கதை முழுவதையும் சொன்னேன். போப்பாண்டவர் அரசனைச் சபையைவிட்டுத் தள்ளிவைத்தது, மலைமேல் கனோசா கோட்டை வாசலில் அரசன் பனியில் வெறுங்காலோடு நின்று மன்னிப்புக் கேட்டது, எல்லாம். எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்டார். மூன்று நாள் என்று சொல்வார்கள் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த பனியைப் பார்த்தார். “தர்மலிங்கம் ஒரு நாள் நிண்டாலும் எனக்குக் காணும்” என்றார்.

பிறகு கடைசியில் வந்த சமாதானத்தைச் சொன்னேன். மோதிரத்தையும் கோலையும் அரசன் விட்டுக்கொடுத்தான். அவை ஆன்மாவின் விஷயம், திருச்சபை கொடுக்கட்டும். நிலத்துக்கும் உடைமைக்கும் அடையாளமாகச் செங்கோலை மட்டும் அரசன் கொடுப்பான். இங்கேயும் பவித்திரத்தை நீங்கள் அணிவியுங்கள், கோயில் சாவியைத் தலைவர் கொடுக்கட்டும். பெரிய குருக்கள் கொஞ்சநேரம் தைலப் புட்டியை மூடித் திறந்து மூடினார். பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். நாளைக்கே நல்ல நாள் என்றார்.

சாயங்காலம் மில்லிக்கனிலிருந்து சுகந்தியின் மாமனார், கோயில் தலைவர், வந்தார். இடியப்பமும் சொதியும் வைத்து அதே கதையை அவருக்கும் சொன்னேன். அவருக்குப் பனியில் நின்ற பகுதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தப் போப்பாண்டவர் கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டார். அதே அரசன் பிறகு படையோடு வந்தான், அவர் ரோமாபுரியை விட்டுப் போய் வெளியூரிலேயே செத்துப்போனார் என்றேன். தலைவர் இன்னும் இரண்டு கரண்டி சொதி விட்டுக்கொண்டார். சாவி விஷயத்தைச் சொன்னதும், உது நல்ல யோசனை, ஏன் இவ்வளவு நாள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று கேட்டார். ஏனென்றால் நான் இங்கே இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. பிறத்தியாரின் நாட்டில் இருக்கிறோம் என்று அடக்கிக்கொண்டேன். அன்றிரவு எனக்கு அருமையான தூக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் நிறைந்துவிட்டது. மூலஸ்தானத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் தர்ப்பை மோதிரமும், மஞ்சள் பூசிய சாவியும் வைத்திருந்தார்கள். சபேசக் குருக்கள் குளித்து ஈரத் தலையோடு நின்றார். பெரிய குருக்கள் நாற்காலியில். தலைவர் பட்டு வேட்டியில். எல்லாம் என் ஏற்பாட்டின்படிதான் நடந்துகொண்டிருந்தது. பெரிய குருக்கள் மோதிரத்துக்குக் கை நீட்டினார். அதே நேரத்தில் தலைவர் சாவிக்குக் கை நீட்டினார். இரண்டு கைகளும் தட்டின்மேல் நின்றன.

முதலில் திறப்பு, பிறகுதானே பூசை என்றார் தலைவர். சாவியை அவர்கள் திறப்பு என்பார்கள். கதவைத் திறக்காமல் எங்கே நின்று பூசை செய்வது என்பது அவர் கட்சி. பவித்திரம் போடாத கை திறப்பைத் தொட்டு என்ன பலன் என்பது பெரிய குருக்கள் கட்சி. கூட்டத்தில் முணுமுணுப்பு. எனக்கு முகம் சுட்டது. அந்தப் பழைய ஒப்பந்தத்திலேயே ஜெர்மனிக்கு ஒரு வரிசை, இத்தாலிக்கு வேறு வரிசை என்று வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் செங்கோல் முதலில், இத்தாலியில் அபிஷேகம் முதலில். நேரமாகிறது என்று அந்த இடத்தை இரண்டு பேருக்குமே சொல்லாமல் தாண்டிவந்தவள் நான்தான். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

பேச்சு வளர்ந்தது. விசா எடுத்தவர் யார் என்ற இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். தவில்காரர் எப்போது அடிப்பது என்று தெரியாமல் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் சபேசக் குருக்கள் வாய் திறந்தார். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லையே என்றார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் அன்பாகத் தலையசைத்தார்கள். பணிவு என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலத்தில் பிஷப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எனக்குத் தகுதியில்லை என்று ஒரு தடவையாவது சொல்வது வழக்கம். சொல்லாவிட்டால்தான் குறை. இவரும் இந்த வழக்கத்துக்குத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

“ரெண்டு பேரும் குறை நினைக்கப்படாது” என்றார் அவர். குரல் உயரவில்லை. “எனக்கு ஒரு மாசம் லீவு வேணும். நான் என்ர பிள்ளையை இன்னும் தூக்கேல்லை. அந்த லீவை ஆர் தாறாரோ, அவற்ற கையால முதல்ல வாங்கிறன்.”

கார் நினைவுக்கு வந்தது. சிவப்பு விளக்கும் அவர் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. முந்தின நாள் முழுவதும் இரண்டு கிழவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். மோதிரம் பேசினேன், செங்கோல் பேசினேன், லீவு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தலைவர் முந்திக்கொண்டார். வியாபாரம் செய்தவர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். லீவு நான் தாறன், பிளேன் ரிக்கற்றும் கோயில் போட்டுத் தரும் என்றார். கூட்டத்தில் ஒரு நிம்மதி. சபேசக் குருக்கள் சந்தோஷம் என்று கைகூப்பினார். பிறகு, அந்த ஒரு மாதம் பிள்ளையாருக்கு யார் பூசை செய்வது என்று கேட்டார்.

தலைவர் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பெரிய குருக்களைப் பார்த்தார். எல்லாருமே பார்த்தோம். கிழவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொன்னால் தினமும் விடியுமுன் எழுந்து வந்து நிற்க வேண்டும். முடியாது என்று சொன்னால் முதலில் கொடுக்கும் உரிமை தலைவருக்குப் போய்விடும். அதைவிட, தான் தீட்சை கொடுத்த பிள்ளை தன் முன்னால் நின்று கேட்கிறான். அவர் கண்ணில் நீர் வந்ததை நான் பார்த்தேன்.

“மார்கழி எண்டா ஏலாது” என்றார். “மற்ற எந்த மாசமெண்டாலும் நான் நிண்டு செய்யிறன். போயிட்டு வா.”

அவ்வளவு நாளும் எல்லார் முன்னாலும் சீடனை ‘ஐயா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுவந்தவர், அன்றுதான் ‘வா’ என்றார். லீவைத் தனியே தலைவராலும் தர முடியாது, தனியே பெரிய குருக்களாலும் தர முடியாது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தலைவர் குனிந்து, நாற்காலியில் இருந்தவரின் அக்குளில் கை கொடுத்து எழுப்பினார். தட்டின் ஒரு ஓரத்தை அவர் பிடித்தார், மறு ஓரத்தை இவர் பிடித்தார். எது முதல், எது பிறகு என்று யாரும் சொல்லவில்லை. சபேசக் குருக்கள் தட்டோடு வாங்கிக்கொண்டார். தவில் முழங்கியது.

அவர் மோதிரத்தை அணிந்துகொண்டு உள்ளே போய்த் திரையைப் போட்டார். தலைமைக் குருக்களாக அவர் செய்யப்போகும் முதல் அர்ச்சனை அது. அந்த அர்ச்சனை தன் பெயருக்கு நடக்க வேண்டும் என்று தலைவர் தன் நட்சத்திரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம். பெரிய குருக்கள் சொல்லவேயில்லை, சீடனுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. இரண்டு பேரும் கைகூப்பிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தவில் ஓய்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்து சங்கற்பம் கேட்டது. முதலில் சுவாதி நட்சத்திரம், துலா ராசி, கௌசல்யா என்று மனைவியின் பெயர். அடுத்து ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. அங்கே குரல் லேசாக உடைந்து, திரும்பவும் சேர்ந்தது. அபிநயா.

குழந்தையின் பெயரைத் தலைவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். பெரிய குருக்களும் அப்போதுதான் கேட்டார். நானும்தான்.